பேட்டரியை மாற்றினால் மட்டும் படகு பறக்காது

ரிமோட் படகு வாங்கியவர்கள் அதைப் பெட்டியில் வந்தபடியே நெடுநாள் ஓட்டுவதில்லை. கொஞ்ச நாளிலேயே இதை மாற்றலாமா, அதைப் போடலாமா என்று கை அரிக்கத் தொடங்கிவிடும். அரிக்கட்டும், இந்தப் பொழுதுபோக்கின் சுவையே அதில்தான் இருக்கிறது. ஆனால் அப்போது காதில் விழும் யோசனைகளில் பல, மோட்டாரைக் கருக்கிவிடும் யோசனைகள்.

“கூடுதல் செல் உள்ள பேட்டரி போதும், வேகம் வந்துவிடும்.”

வேகம் வரும். கூடவே வேறு என்ன வரும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். சுமார் 60 செ.மீ. நீளப் படகு, பிரஷ் வைத்த 540 மோட்டார், 36 மி.மீ. புரொப்பெல்லர், இரண்டு செல் லிப்போ பேட்டரி (7.4 வோல்ட்) என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் 20 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது 148 வாட். இதில் மூன்று செல், 11.1 வோல்ட் பேட்டரியை மாட்டுகிறோம். வோல்ட் ஒன்றரை மடங்கானதால் சுழற்சியும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். தண்ணீரில் சுழலும் புரொப்பெல்லருக்குத் தேவையான முறுக்கு விசையோ சுழற்சியின் இருமடியாகவும், சக்தி மும்மடியாகவும் ஏறும். 20 ஆம்பியர் 45ஐ நெருங்கும், 148 வாட் 500ஐத் தொடும். மோட்டாரின் கம்பிச்சுருளில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடி என்பதால் அது ஐந்து மடங்காகும். கார்பன் பிரஷ்கள் தேய்ந்து தீய்வதும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான ஈ.எஸ்.சி. புகைவதும் இதனால்தான்.

செல்லைக் கூட்டினால் புரொப்பெல்லரைச் சிறிதாக்க வேண்டும். சுமை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறி இறங்குகிறது. அதே வடிவத்தில் 36 மி.மீ.க்குப் பதில் 31 மி.மீ. போட்டால், மூன்று செல்லிலும் மின்னோட்டம் பழைய 20 ஆம்பியரை ஒட்டியே நிற்கும். ஆனாலும் சக்தி முன்பைவிட ஒன்றரை மடங்கு. மாறாக, “இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுப் பார்” என்ற பேச்சைக் கேட்டு 36ஐ 40 ஆக்கினால், பேட்டரியைத் தொடாமலே சுமை 70 சதவீதம் போலக் கூடிவிடும். நான்கு மில்லிமீட்டர்தான், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் முதலில் வாங்க வேண்டிய பொருள் பேட்டரியும் இல்லை, மோட்டாரும் இல்லை. பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே மாட்டும் வாட் மீட்டர்தான். சில விநாடி முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, அது பதிந்துவைத்திருக்கும் உச்ச ஆம்பியரைப் படியுங்கள். அந்த எண் தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள்.

“தண்ணீர்க் குளிர்விப்பு இருக்கிறது, மோட்டார் சூடாகாது.”

பிரஷ் மோட்டாரில் கம்பிச்சுருள் உள்ளே சுழலும் பாகத்தில் இருக்கிறது, வெளிக்கூட்டில் இருப்பது காந்தம். கூட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடினாலும் சுருளின் சூடு அதுவரை எளிதில் வந்து சேராது. படகுகளுக்கு வரும் பிரஷ்லெஸ் மோட்டார்களில் சுருள் கூட்டோடு ஒட்டி நிலையாக இருக்கிறது, அங்கே குளிர்விப்பு நன்றாகவே வேலை செய்யும். அதிலும் பாசி ஒரு துணுக்கு உறிஞ்சுதுளையை அடைத்தால் எல்லாம் முடிந்தது. படகின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவது கரையிலிருந்தே தெரியும். அது நின்றால் உடனே படகைத் திருப்ப வேண்டும்.

“உலோகப் புரொப்பெல்லர் மாட்டினால் அப்படியே வேகம்.”

வார்ப்பில் வந்த உலோகப் புரொப்பெல்லரின் விளிம்பு மழுங்கலாக இருக்கும், ஒரு இதழ் இன்னொன்றைவிடக் கனமாகவும் இருக்கலாம். அப்படியே மாட்டினால் அதிர்வு ஷாஃப்டையும் பேரிங்கையும் தின்னும். விளிம்பைக் கூராக்கி, கிடைமட்ட ஊசியில் கோத்து, எந்த நிலையிலும் உருளாமல் நிற்கும் வரை கனமான இதழைத் தேய்க்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: இவற்றில் பல பெரிலியம் கலந்த தாமிரம். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. நுண்துகளைத் தடுக்கும் முகமூடியோடு, ஈரத்தில் மட்டுமே தேயுங்கள். குழந்தைகளை அருகே விடவேண்டாம்.

காசில்லாமல் கிடைக்கும் வேகத்தை ஏனோ யாரும் பேசுவதில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு புரொப்பெல்லரை விரலால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் மோட்டாரும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லை. மோட்டார் திருகுகளைத் தளர்த்தி, நேராக்கி, மீண்டும் முடுக்கினால் ஆம்பியர் குறைவதை மீட்டரிலேயே காணலாம். ஷாஃப்டை உருவி, தண்ணீர் கலந்து வெளுத்த பழைய கிரீஸைத் துடைத்து, புதிதாகப் பூசிச் செருகுவதும் இதே வகை.

“இழுவைப் படகு மாதிரிக்கும் பந்தய மோட்டார் போட்டால் சீறும்.”

சீறாது. தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போகும் அடிப்பகுதி அது, தண்ணீர்மேல் எழும்பி வழுக்குவதற்கானது அல்ல. ஓரளவுக்கு மேல் தரும் சக்தியெல்லாம் அலையாகிப் போகும், முன்பக்கம் நிமிர்ந்து பின்பக்கம் தாழ்ந்து நீர் ஏறும். மாதிரிகளை வைத்துக் கப்பல்களை ஆராய்ந்த வில்லியம் ஃபுரூட் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார்: அசல் கப்பலின் வேகத்தை, அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 12 நாட் வேகக் கப்பலின் 36இல் ஒரு பங்கு மாதிரிக்கு 2 நாட், மணிக்கு 3.7 கி.மீ. போதும். அந்த வேகத்தில்தான் அதன் அலையும் அசல் கப்பலின் அலைபோலத் தெரியும். அதற்கு வேண்டியது மெதுவாகச் சுழலும் மோட்டாரும் அகன்ற புரொப்பெல்லரும்தான்.