பம்பாய் இரத்தப் பிரிவும் வெள்ளணுக்களும்

மனித இரத்தம் ஏ, பி, ஏபி, ஓ என நான்கு பிரிவுகளாக வகுக்கப்படுகிறது. சிவப்பணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஆன்டிஜென்களே இப்பகுப்பிற்கு அடிப்படை. இந்நான்கிலும் அடங்காத பிரிவொன்றை டாக்டர் ஒய். எம். பெண்டேயும் அவருடைய சகாக்களும் பம்பாயில் கண்டறிந்து, 1952-ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இப்பிரிவினர் என மதிப்பிடப்படுகிறது. ஐரோப்பாவிலோ இது 10 லட்சத்தில் ஒருவர் என்னும் அளவே.

எச் ஆன்டிஜென்

ஏ, பி ஆகிய இரண்டும் 'எச்' என்னும் ஆன்டிஜெனிலிருந்தே உருவாகின்றன. பியூக்கோஸ் என்னும் சர்க்கரை இணைவதால் எச் தோன்றுகிறது. ஓ பிரிவினரிடம் அது மாற்றமின்றி நிறைந்திருக்கும். பம்பாய்ப் பிரிவினரிடம் எச் இல்லை. ஆகவே ஏ, பி ஆகியனவும் இல்லை. மாறாக, இம்மூன்றையும் எதிர்க்கும் ஆன்டிபாடிகள் அவர்களது இரத்தத்தில் உள்ளன. ஓ பிரிவு இரத்தத்தைச் செலுத்தினால் அதன் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

வெள்ளணுக்களின் நிலை

இதே பியூக்கோஸ் வெள்ளணுக்களுக்கும் தேவை. கிருமிகள் தாக்கிய இடத்தை அடைவதற்கு வெள்ளணுக்கள் முதலில் இரத்தக் குழாயின் சுவரைப் பற்றவேண்டும்; பற்றுவதற்கு உதவும் மூலக்கூறில் பியூக்கோஸ் உள்ளது. உடலெங்கும் இச்சர்க்கரையின் பயன்பாடு தடைப்பட்ட இரு குழந்தைகளைப் பற்றி 1992-இல் இஸ்ரேலிலிருந்து தகவல் வெளியாயிற்று. அவர்களின் இரத்தம் பம்பாய்ப் பிரிவாக இருந்தது; வெள்ளணுக்கள் மிகுந்திருந்தும் தொற்றுநோய்கள் மீண்டும் மீண்டும் வருத்தின. இது மிக அரிய நோய். பம்பாய்ப் பிரிவினர் பெரும்பாலோரிடம் எச் மட்டுமே இல்லை. அவர்களுடைய வெள்ளணுக்கள் செவ்வனே இயங்குகின்றன. எனவே, இப்பிரிவை ஒரு நோயாகக் கருதுதல் தவறு.

சோதனையும் நிருவாகமும்

சிவப்பணுக்களை மட்டும் சோதித்தால் பம்பாய்ப் பிரிவு 'ஓ' என்றே தோன்றும். சீரத்தை ஓ பிரிவுச் சிவப்பணுக்களுடன் கலந்து பார்த்தால் அவை திரள்வதைக் கொண்டு வேறுபாடு புலனாகும். எச்சை எதிர்க்கும் சீரத்தாலும் இதனை உறுதி செய்யலாம். செலவு சிறிது, பயனோ ஓர் உயிர்.

இப்பிரிவினர் ஒருவருக்குப் பம்பாய்ப் பிரிவு இரத்தமே பொருந்தும். இப்பண்பு பெற்றோர் இருவர் வழியாகவும் வருவதால், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் இது அமையும் வாய்ப்பு குறைந்தது நான்கில் ஒரு பங்கு. ஆகவே, ஒருவர் கண்டறியப்பட்டவுடன் அவருடைய குடும்பத்தினரையும் சோதித்தல் வேண்டும். குளிரூட்டிச் சேமித்த சிவப்பணுக்கள் ஏறத்தாழ ஆறு வாரங்களே பயன்படும். எனவே, இரத்தத்தைச் சேமித்து வைப்பதைவிட, அழைத்தால் வரக்கூடிய கொடையாளர் பட்டியலைப் பேணுவதே பெரிதும் உதவும். மாவட்ட இரத்த வங்கிகள் ஒன்றுக்கொன்று தகவல் அளித்து இப்பட்டியலைப் பகிர்ந்துகொண்டால், அரிய பிரிவினருக்கும் உரிய நேரத்தில் இரத்தம் கிட்டும்.