நியூகாசில் போகும் மருமகனுக்கு

செலாயாங் பாரு

அன்புள்ள மருமகனுக்கு,

மேற்படிப்புக்கு நியூகாசில் போகிறாய். என்றாவது ஒருநாள் அங்கே கூட்டாளிகள் உன் முன்னால் ஒரு போத்தல் பிரவுன் ஏல் பீர் வைப்பார்கள். உனக்கு 22 வயது, சட்டம் தடுக்காது. வேண்டாம் என்று நீ சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். குடித்துப் பார்ப்பதென்றால் சுவைக்கத் தெரிந்து குடி.

நம் குடும்பம் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் நிர்வாகமே கள்ளுக்கடை வைத்திருந்தது. காலையில் பால்மரம் வெட்டிச் சம்பாதித்த காசு சாயங்காலம் அங்கேயே கரைந்தது. 1941-இல் ஆர்.எச். நாதன் முன்நிற்க, கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. உடம்பு வலியை மறக்க நம் ஆட்கள் குடித்தார்கள். அந்தப் பழக்கம் எத்தனை வீடுகளைத் தின்றது என்று உன் பாட்டிக்குத் தெரியும். வாய்க்குள் இருப்பதைக் கவனிக்கப் பழகியவனுக்கு அரை கிளாஸ் போதும். அதனால்தான் இதை உனக்குச் சொல்லித்தர நினைக்கிறேன்.

பிரவுன் ஏலின் உயிர் மால்ட்டில் இருக்கிறது. பார்லியை ஊறவைத்து, முளைக்கவிட்டு, சூளையில் காயவைப்பார்கள். சூடு ஏற ஏறத் தானியத்தின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடிப் பழுப்பாகும். ரொட்டி மேலோடு, வறுத்த கடலை, டாபி மணங்கள் அப்படித்தான் பிறக்கின்றன. பார்லியைக் கருக வறுத்தால் நம் சுங்கைவேயில் காய்ச்சும் கின்னஸ் ஸ்டவுட்டின் கசப்பு வந்துவிடும். பிரவுன் ஏல் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. ஒட்டுக்கடைக் கோப்பிக்கு, கொட்டையோடு சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்களே, அந்தக் கருகல் இனிப்பில் கசப்பைக் குறைத்து நினைத்துக்கொள். கிட்டத்தட்ட அங்கே வந்துவிடுவாய்.

கடையில் வெளிச்சம் படும் தட்டில் நின்ற போத்தலை எடுக்காதே. நியூகாசில் பிரவுன் ஏல் நிறமற்ற கண்ணாடியில் வருவது. வெளிச்சம் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருளைச் சிதைத்து நாற்றம் ஏற்றிவிடும். இங்கே பீரில் ஐஸ் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ, அந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ. குளிர் அதிகமானால் மணம் எழும்பாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வை. 10 முதல் 13 டிகிரி சரியான சூடு. நியூகாசில்காரர்கள் சின்ன கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்வார்கள். அது நல்ல வழக்கம், நுரை புதிதாகவே இருக்கும்.

முதலில் முகர்ந்து பார். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிடு. விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மெல்ல மூச்சை விடு. கடலை மணம் அப்போதுதான் வரும், பலர் அதற்குள் அடுத்த வாய்க்குப் போய்விடுகிறார்கள். முதலில் இனிப்பு, கடைசியில் லேசான வறட்சி, கசப்பு அடங்கியே நிற்கும். காரக் கறி சாப்பிட்ட வாயோடு பார்க்காதே.

நியூகாசில் பிரவுன் ஏலை 1927-இல் உருவாக்கியவர் ஜிம் போர்ட்டர். ஊர்ப் பெயருக்கு 2000-இல் ஐரோப்பியப் பாதுகாப்பும் கிடைத்தது. 2005-இல் காய்ச்சுமிடம் ஆற்றைத் தாண்டி கேட்ஸ்ஹெட் போனதும் பாதுகாப்பு பொருந்தாமல் போய், 2007-இல் ரத்தானது. 2010-இல் காய்ச்சுமிடம் யார்க்ஷயரின் டாட்காஸ்டருக்கே போய்விட்டது. ஊர்க்காரர்கள் இதில் பட்ட வருத்தம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

அதே டாட்காஸ்டரில் சாமுவேல் ஸ்மித் என்ற பழைய மதுவாலை நட் பிரவுன் ஏல் காய்ச்சுகிறது. இன்னும் ஸ்லேட் கல் தொட்டிகளில் நொதிக்கவிடுபவர்கள் அவர்கள். கூட்டாளி ஒருவனோடு பகிர்ந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எதில் கடலை தூக்கலாக இருந்தது, எதில் டாபி என்று அன்றிரவே குறித்துவைத்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மாமா