வஹாக்கா: ஒரு வாரமும் தங்கலாம், ஓய்வுக்காலத்தையும் கழிக்கலாம்

மெக்சிகோவின் தெற்கே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வஹாக்கா நகரம். வருடத்தின் பெரும்பகுதி இதமான வெயில். பழைய நகரமும் அருகே மலைமேல் உள்ள தொல்நகரமான மோந்தே அல்பானும் 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இரண்டே நாளில் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

எப்போது, எப்படி?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் மழை. காலையில் தாராளமாகச் சுற்றலாம். ஜூலையில் கெலகெட்சா நடன விழா, நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாள். அந்த நாட்களில் போவதானால் பல மாதங்கள் முன்பே அறை பதிவு செய்யுங்கள்.

மெக்சிகோ சிட்டியிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குச் சுற்றுலாவுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. கிளம்புமுன் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன பார்ப்பது?

முதல் நாள் சாந்தோ தொமிங்கோ தேவாலயம். உள்ளே கூரை முழுக்கப் பொன்வேலை. ஒட்டியுள்ள பழைய மடம் இப்போது அருங்காட்சியகம். 1932-இல் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ மோந்தே அல்பானின் 7-ஆம் கல்லறையில் கண்டெடுத்த தங்க நகைகள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்த்த மறுநாளே மோந்தே அல்பானுக்குப் போங்கள். மலையுச்சியைச் சமப்படுத்தி சபோதெக் மக்கள் எழுப்பிய நகரம் அது. நிழல் கிடையாது, காலையிலேயே, தொப்பியும் தண்ணீருமாகப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையைக் கிழக்குச் சாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூலேயின் மிகப் பருத்த பழைய மரம், தியோதித்லானின் கம்பளி நெசவு, த்லகொலூலாவின் வாரச்சந்தை, மித்லாவின் கல் வேலைப்பாடுகள் எல்லாம் ஒரே வழியில் வரும். சந்தைக்குப் பெசோ ரொக்கமாகவே கொண்டுபோங்கள்.

சாப்பாடு

மிளகாய், விதைகள், மசாலாக்களை வறுத்து அரைக்கும் மோலே குழம்புதான் ஊரின் பெருமை. சைவர்கள் கவனிக்க: மோலேயில் பெரும்பாலும் கோழிச்சாறு கலந்திருக்கும், த்லயூடா என்ற பெரிய சோள ரொட்டியில் பன்றிக் கொழுப்பு தடவுவார்கள். 'சின் அசியெந்தோ' என்று சொன்னால் கொழுப்பைத் தவிர்ப்பார்கள். அதன்மேல் தடவும் பீன்ஸிலும் கொழுப்பு உண்டா என்று கேளுங்கள்.

தங்கிவிட நினைத்தால்

வருமானம் அல்லது சேமிப்புக்கான சான்றுகளுடன், மெக்சிகோவுக்கு வெளியே உள்ள அதன் தூதரகத்தில் தற்காலிக வசிப்பு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்டுக்குள் வந்த 30 நாட்களுக்குள் குடியேற்ற அலுவலகத்தில் வசிப்பு அட்டை பெறும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தர வசிப்புக்கு மாறலாம்.

கோடை முற்றும்போது தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க நேரும். வீட்டில் எவ்வளவு பெரிய தொட்டி என்று முதலில் கேளுங்கள். இது நில நடுக்கப் பகுதியும்கூட. அன்றாடப் பேச்சுக்கு ஸ்பானிஷ் அவசியம். வெளிநாட்டினர் வரவால் வாடகை ஏறிவிட்டதென்ற வருத்தம் உள்ளூர் மக்களுக்கு இருக்கிறது. அதை மதித்து நடந்துகொள்ளுங்கள். கோடையும் மழையும் சேர்ந்த ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்கு முன் வீடு வாங்க வேண்டாம்.