பாட்டோடு ஒரு கேள்வியையும் அனுப்பு

முதல் பாட்டை வீட்டிலேயே ரெக்கார்ட் பண்ணி முடித்ததும் கை பரபரக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எக்ஸ்போர்ட் பண்ணி, பன்னிரண்டே காலுக்குக் குடும்ப குரூப்பில் போட்டுவிடுவாய். காலையில் பார்த்தால் சித்தப்பாவிடமிருந்து கட்டைவிரல், அத்தையிடமிருந்து நாலு ஹார்ட்டு, மாமாவிடமிருந்து "சூப்பர்டா, சினிமாவுக்கு டிரை பண்ணு". யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கிட்டார் சத்தத்தில் உன் குரல் அமுங்குகிறதா இல்லையா என்பதற்கு அதில் எங்கேயும் பதில் இல்லை. நீ கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

திருச்சி தில்லை நகர் கிராஸ் தெருக்களில் ஒரு கிட்டார், ஒரு மைக், ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் என்று பெட்ரூமில் உட்கார்ந்து பாடுகிற தம்பி தங்கைகள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இது. மிக்ஸ் பண்ணச் சொல்லிக்கொடுக்க யூடியூப்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பண்ணிய மிக்ஸைக் காட்டி உருப்படியாக ஒரு கருத்து வாங்குவது எப்படி என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

கருத்துக் கேட்கப் போகும் முன் ஒரு விஷயம். ரெக்கார்டிங்கில் விழுந்த ஓட்டையை "மிக்ஸில் பார்த்துக்கலாம்" என்று மனசைத் தேற்றிக்கொண்டு யாரிடமும் போகாதே. நம் வீட்டு அறைகளைப் பார்: டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர், ஒரு இரும்பு பீரோ. நடுவில் நின்று கை தட்டினால் கணீரென்று திரும்பி வரும். அது குரலோடு ஒட்டிக்கொண்டால் பிறகு எந்த பிளக்-இன் போட்டாலும் முழுசாகப் பிரியாது. இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி, பாடுகிற உன் முதுகுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து நிறுத்து. எல்லோரும் மைக்குக்குப் பின்னால்தான் எதையாவது கட்டித் தொங்கவிடுகிறார்கள். நம்மிடம் இருக்கிற கார்டியாய்டு மைக் பெரும்பாலும் தன் முன்பக்கத்து ஒலியைத்தான் வாங்கும். அதற்கு முன்னால் இருப்பது நீயும், உனக்குப் பின்னால் இருக்கிற சுவரும். தரையில் ஜமுக்காளத்தை விரி. துணி அடைத்த அலமாரி இருந்தால் கதவைத் திறந்து வை. கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டும்போது மட்டும் பீரோ கண்ணாடி கிர்ரென்று அதிர்கிறதா? அந்தக் கம்பியின் அதிர்வு 82 ஹெர்ட்ஸ், அதுதான் கண்ணாடியை உலுக்குகிறது. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகு, அடங்கிவிடும்.

ஃபேனை நிறுத்தித்தான் ஆகவேண்டும். சித்திரை மாசத்தில் திருச்சியில் இதைச் சொல்வது கொடுமைதான், தெரியும். அதற்காகத்தான் விடியற்காலை நாலரை மணி. பஸ் ஹாரன் ஆரம்பித்திருக்காது, கீழ்வீட்டு மோட்டாரும் ஓடாது. வியர்வையிலும் சூட்டிலும் கம்பி ஸ்ருதி இறங்கும், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூனரைப் பார். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார். பின்னணியில் இருந்த 'ம்ம்ம்' நின்றுவிட்டால் குறை கரன்ட் பக்கம், மைக்கைத் திட்டாதே. கிட்டாருக்கு மைக்கை பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக ஒரு சாண் தள்ளி வை. ஓட்டைக்கு நேரே வைத்தால் பொம்மென்று ஊதிக்கொண்டே இருக்கும்.

சரி, மிக்ஸ் கையில் இருக்கிறது. யாரிடம் கேட்பது?

நம் ஸ்ரீரங்கத்துக் கதை ஒன்று. 1950களில் இங்கே இருந்த ரங்கராஜன் என்ற இளைஞர் ஒரு முருகன் பாட்டை அஞ்சலட்டையில் எழுதி டி.எம்.சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். அவர் அதற்கு மெட்டுப் போட்டுப் பாடினார். அந்த இளைஞர்தான் பின்னாளில் கவிஞர் வாலி. தெரு முழுக்க அந்தப் பாட்டுக்கு எத்தனை பாராட்டுக் கிடைத்திருக்குமோ, அது வேறு. பாட்டைப் பாடிப் பார்த்து 'இது நிற்கும்' என்று சொல்லக்கூடிய ஒருவர் கைக்கு அது போனது. உனக்கும் அப்படி ஆள் வேண்டும். டி.எம்.எஸ். அளவுக்குத் தேட வேண்டாம். மேடையில் மிக்ஸர் பக்கம் உட்காருகிற லைட் மியூசிக் அண்ணன், சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிறவர், கலைக்காவிரியில் இசை படிக்கிற பிள்ளை என்று தேடினால் திருச்சியில் கிடைக்காமல் போகாது. அப்படி ஒரே ஒருவர் போதும்.

இரண்டாவது ஆள், இசை பற்றி ஒன்றும் தெரியாதவராக இருக்க வேண்டும். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு பாட்டி இருந்தால் அவரைவிட நல்ல ஆள் இல்லை. போனில் போட்டுக் காட்டிவிட்டு, "பாட்டு எப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்காதே, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பார், அவ்வளவுதான். "என்ன வார்த்தை வருது, திரும்பச் சொல்லுங்க" என்று கேள். நீ எழுதிய வரியை அவர் வேறு மாதிரிச் சொன்னால் அந்த இடத்தில் உன் குரல் கிட்டாருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. எழுதிய உனக்கு இது தெரியவே தெரியாது. வரி உனக்கு மனப்பாடம், காது தானாக நிரப்பிக்கொள்ளும்.

மூன்றாவது ஆள், உன்னோடு பாடுகிற நண்பன். அவன் சொல்வதைப் பாதிதான் எடுத்துக்கொள். உன்னைப் பிடிக்கும் என்பதால் பாதி, அவன் பாட்டு இன்னும் முடியவில்லை என்பதால் பாதி!

கேட்பவருக்கு உன் முகம் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. 1939 மே மாதம் தொடங்கிய நம் திருச்சி வானொலி நிலையத்தைச் சின்ன வயசில் கேட்டு வளர்ந்த வீடுகளுக்குத் தெரியும், அங்கே பாட ஆடிஷன் உண்டு, பி, பி ஹை, ஏ என்று கிரேடு உண்டு. பாடுவது யார், யாருடைய சிஷ்யர் என்பது கிரேடு போடுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது அதன் விதி. நீயும் அந்த முறையைக் கடன் வாங்கலாம். இரண்டு மிக்ஸ் வைத்திருந்தால் 'புது மிக்ஸ்', 'பழைய மிக்ஸ்' என்று பெயர் வைத்து அனுப்பாதே, புதுசு என்றாலே நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஏ, பி என்று மட்டும் வை. இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு அனுப்பு. ஒன்று ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலும் அதுதான் 'நல்லா இருக்கு' என்று பெயர் வாங்கும், நீ என்ன மாற்றினாய் என்பது அடிபட்டுப் போகும்.

இனி கேள்வி. இதில்தான் எல்லோரும் சொதப்புகிறார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். சாம்பாரை ஊற்றிவிட்டு "உப்பு போதுமா?" என்று கேட்டால்தானே ஒருத்தர் நாக்கில் வைத்து யோசிப்பார்? இந்த மாதிரி ஒரு மெசேஜ் போடு:

"அண்ணா, 45 செகண்ட் கிளிப். ஹெட்போன் போட்டுக் கேளுங்க. சரணம் ஆரம்பிக்கிற இடத்துல கிட்டார் குரலை மூடுதா? அது மட்டும் சொன்னா போதும்."

முழுப் பாட்டையும் அனுப்பினால் 'ராத்திரி கேட்கிறேன்' என்பார்கள், அந்த ராத்திரி வராது. "மைக் சரியில்லை, தொண்டை கட்டியிருந்தது, இன்னும் மாஸ்டரிங் பண்ணலை" என்று முன்னுரை எழுதாதே. அதைப் படித்தவர் உன்னைச் சமாதானப்படுத்தத்தான் பதில் போடுவார். ஃபைலை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பு, இல்லையென்றால் டிரைவ் லிங்க் கொடு. ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதை வாய்ஸ் நோட்டாகப் பிடித்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் கேட்டுக் கருத்துச் சொல்கிறவர் உன் மிக்ஸைப் பற்றிச் சொல்லவில்லை, போன் மைக்கைப் பற்றிச் சொல்கிறார்.

பதில் வந்ததும் அதை மொழிபெயர்க்கத் தெரிய வேண்டும். யாரும் உன்னிடம் ஹெர்ட்ஸ் கணக்கில் பேசப் போவதில்லை. "போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு" என்றால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை சேறு சேர்ந்திருக்கிறது. கிட்டாரில் அந்த இடத்தை இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பார். "ஸ் வரும்போது காது குத்துது" என்றால் குரலில் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் டி-எஸ்ஸர் வேண்டும், அல்லது அடுத்த முறை மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாகத் திருப்ப வேண்டும். "வார்த்தை புரியலை" என்றதும் குரலை ஏற்றாதே. முதலில் கிட்டாரில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்கு, மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், கிட்டார் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "எங்கேயோ தூரத்துல பாடுற மாதிரி" என்றால் ரீவெர்ப் ஜாஸ்தி. முதல் பாட்டில் ரீவெர்ப் ஜாஸ்தியாகாமல் இருந்தால்தான் அதிசயம். குளியலறைக் குரல் எல்லோருக்கும் பிடிக்கும், பாடுகிறவருக்கு மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

கேட்பவர் 'இங்கே உறுத்துது' என்று காட்டுகிற இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர் சொல்கிற மருந்து பெரும்பாலும் தப்பாக இருக்கும். "பேஸ் ஏத்துடா" என்று ஒருவர், "பேஸ் குறைடா" என்று இன்னொருவர் ஒரே இடத்தைப் பற்றிச் சொன்னால் குழம்பாதே. அந்த இடத்தில் என்னவோ இருக்கிறது என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். ஒருவர் கார் ஸ்பீக்கரில் கேட்டிருப்பார், ஒருவர் போனில். அதனால் எதில் கேட்டீர்கள் என்று கட்டாயம் விசாரி.

நீயும் அப்படியே பல இடத்தில் கேள். போன் ஸ்பீக்கரில் அடித்தொனி கிட்டத்தட்ட வராது, அங்கே குரல் தெளிவாக நின்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் இயர்போன் மாட்டிக் கேள், காவிரிப் பாலத்துக் காற்றிலும் இன்ஜின் இரைச்சலிலும் எந்த வரி காணாமல் போகிறதோ அதைக் குறித்துக்கொள். வீட்டில் மிக்ஸ் பண்ணும்போது சத்தத்தைக் குறைத்தே வை, பக்கத்தில் ஒருவர் பேசினால் காதில் விழுகிற அளவு. சத்தம் கூடக் கூட அடித்தொனியும் மேல்தொனியும் நம் காதுக்குக் கூடுதலாகக் கேட்கும். 1933லேயே பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் அளந்து காட்டிவிட்டார்கள். சத்தமாக வைத்தால் எந்த மிக்ஸும் அழகுதான்.

சத்த அளவைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. ஸ்பாட்டிஃபை பாட்டுகளை சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் அளவுக்குச் சமன்படுத்திவிடும். நீ லிமிட்டரை வைத்து நசுக்கி ஏற்றினாலும் அங்கே போனதும் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது மட்டும் மிச்சம். ஒரு கிட்டார், ஒரு குரல் உள்ள பாட்டுக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

"ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டில்தானே ஆரம்பித்தார்" என்று சொல்லாத பையன் இல்லை. உண்மைதான், 1989இல் கோடம்பாக்கம் வீட்டின் பின்புறம் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார், 'ரோஜா' அங்கே பிறந்தது. ஆனால் அங்கேயும் எச்.ஸ்ரீதர் என்ற சவுண்ட் இன்ஜினியர் இருந்தார். 2008இல் அவர் மறையும் வரை ரஹ்மான் பாட்டுகளுக்கு அந்தக் காது துணை இருந்தது. தனியாக எல்லாம் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லாதே.

எப்போது நிறுத்துவது? மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டுக்கு புரூஸ் ஸ்வீடியன் 91 மிக்ஸ் வரை போனார், கடைசியில் வெளியானது இரண்டாவது மிக்ஸ். உனக்கு மூன்று சுற்று போதும். ஒவ்வொரு மிக்ஸையும் தேதி போட்டுச் சேமி, பழையதை அழிக்காதே. மூன்றாவது சுற்றில் வந்த குறைகள் எல்லாம் 'எனக்கு இப்படிப் பிடிக்கும்' வகையாக இருந்தால் வெளியிட்டுவிடு, அடுத்த பாட்டுக்குப் போ.

அதற்கப்புறமும் மனசு ஆறவில்லை, காசு கொடுத்து ஒரு இன்ஜினியரிடம் தரலாம் என்றால் தாராளமாகக் கொடு. ஆனால் முன்பணம் தரும் முன்னே மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்: எத்தனை முறை திருத்தித் தருவார், எந்தத் தேதிக்குள் தருவார், கடைசியில் வேவ் ஃபைலும் ஒவ்வொரு டிராக்கும் தனித்தனியாக உன் கைக்கு வருமா.