விரதமும் உடல்நலமும்

மானிடப் பிறவியின் பயனை அடைவதற்கு உடலே கருவியாகும். உடம்பைப் பேண வேண்டியதன் அவசியத்தைத் திருமூலர் திருமந்திரத்தில் எடுத்துரைக்கின்றார்.

ஐப்பசியில் வரும் கந்தசஷ்டி விரதத்தை அடியார்கள் ஆறு நாட்கள் அனுட்டிக்கின்றனர். சிலர் நீர் மட்டும் அருந்துவர். சிலர் பாலும் பழமும் கொள்வர். சிலர் ஒருவேளை உண்பர். இவர்களுள் நீரிழிவு நோயாளரும் உளர். உணவை விடுத்து, இன்சுலினையோ சில குளிசைகளையோ வழமைபோல் எடுத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். மருந்தைத் தாமாகவே நிறுத்தினால் சீனி கூடிவிடும். எனவே விரதத்திற்கு முன்பே கிளினிக்கில் வைத்தியரிடம் ஆலோசனை பெறுதல் வேண்டும்.

வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தடுமாற்றம் ஆகியன சீனி குறைவதன் அறிகுறிகளாகும். இவை தோன்றினால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்து உடனே பருக வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிடின் மீண்டும் பருக வேண்டும். மயங்கியவரின் வாயில் எதனையும் ஊற்றாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

இதனால் விரதம் பங்கமாயிற்று என வருந்த வேண்டியதில்லை. இயலாதவர் ஒருவேளை உணவுடன் நோற்பதும் வழக்கில் உள்ளதே. உயிரைக் காத்துக்கொண்டவரே அடுத்த ஆண்டும் சூரசங்காரம் காண்பார். கந்தன் கருணை அனைவர்க்கும் கிட்டுவதாக.