நாவல் வரட்டும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பாட்டிலின் படம் பார்த்தேன். நிறம் அருமை. 'குடித்தால் தண்ணீர் மாதிரி இருக்கிறது அண்ணே, ஜின் மட்டம்' என்று கீழே எழுதியிருக்கிறாய். ஜின் மேல் பழி போடாதே. திண்டிவனத்தில் சாலையோரம் குவித்து விற்கிற தர்பூசணியில் அரைக் கிலோவை வெட்டி ஓர் ஆஃப் பாட்டில் சரக்கில் போட்டால் வேறென்ன வரும்? கணக்குப் போட்டுப் பார். ஆஃப் என்றால் 375 மில்லி. நம் நாட்டு ஜின்னில் ஆல்கஹால் பெரும்பாலும் 42.8 சதவீதம், அதாவது 160 மில்லி. தர்பூசணியோ நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். அத்தனையும் இறங்கினால் 42.8 என்பது 20-க்கும் கீழே போய்விடும்.

நான் இதைவிட மோசம். பார் தொழிலுக்கு வந்த புதிதில், ஆசைக்கு ஒரு கிலோவுக்கு மேல் பழம் போட்டு, விழுப்புரத்துச் சித்திரை வெயிலில் அடுப்படி மேடையில் நான்கு நாள் வைத்திருந்தேன். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரைத்தது. பழங்கஞ்சி வாடை. தர்பூசணிதான் வேண்டுமென்றால் சாறெடுத்து ஐஸ் தட்டில் உறைய வைத்து, அந்தக் கட்டிகளின் மேல் ஜின்னை ஊற்று.

ஊறவைக்க ஏற்றது வாசனையோ துவர்ப்போ உள்ள பழம். வைகாசி முடியட்டும், நாவல் வந்துவிடும். இங்கிலாந்துக் கிராமங்களில் ஸ்லோ என்றொரு காட்டுப்பழம் உண்டு. பிளம் ஜாதி. வாயில் வைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதைச் சர்க்கரையோடு ஜின்னில் போட்டு மாதக்கணக்கில் வைப்பார்கள். நாவலுக்கும் அதே குணம்தான், ஆனால் நமக்கு மாதக்கணக்கு வேண்டாம்.

நன்றாகக் கறுத்த பழம் கால் கிலோ எடுத்துக்கொள். கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக உலர்த்து. கீறிக் கொட்டையை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஓர் ஆஃப் ஜின்னை ஊற்றி ஃபிரிட்ஜில் வை. காலையும் மாலையும் அரை ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்துப் பார். முதல் நாள் நிறம் இறங்கும், இரண்டாம் நாள் பழம் இறங்கும். அதற்கப்புறம் துவர்ப்புதான் ஏறும். ஜின்னுக்கு உயிர் ஜூனிபர். அந்த மர வாசனை மூக்கில் படவில்லையா, ஊறியது அதிகம். பழத்தை யார் வேண்டுமானாலும் போடலாம், எடுக்கிற நேரம் தெரிந்தவனுக்குத்தான் பாரில் மரியாதை. மல் துணியில் வடிகட்டு. சக்கையைப் பிழியாதே, கலங்கிவிடும்.

புளிப்புக்கு எலுமிச்சையைத் தேடி ஓடாதே. உன் ஊர்ப் பெயரிலேயே புளி இருக்கிறது. திந்திரிணி என்றால் புளியமரம். திந்திரிணிவனம்தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். கோயிலில் இருப்பவரும் திந்திரிணீஸ்வரர்தான். ரசத்துக்குக் கரைப்பதைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீர் 15 மில்லி, நாவல் ஜின் 45, பனைவெல்லப் பாகு 10, மரக்காணத்து உப்பு ஒரு சிட்டிகை. ஐஸ் போட்டுக் குலுக்கி வடித்து, மேலே சோடா. உப்பை விட்டுவிடாதே. பள்ளிக்கூட வாசலில் நாவலுக்கு உப்புத் தூவித் தந்த ஆயா எந்த கேட்டரிங் காலேஜில் படித்தார்?

பாண்டியில் வேலை பார்க்கிறாய் என்பதற்காக அங்கிருந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதே. எல்லை தாண்டினால் மதுவிலக்கு வழக்கு. டாஸ்மாக்கில் சீல் உடையாத பாட்டிலாக வாங்கு. 21 வயது ஆகாத சேக்காளிக்கு ஊற்றாதே. யாருக்கும் விற்காதே.

கடைசி வரியில், 'நாமே காய்ச்சினால் என்ன அண்ணே?' என்று கேட்டிருக்கிறாய். விளையாட்டுக்குத்தான் கேட்டாய், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டத்தை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தொடங்கிய சாவு அறுபதைத் தாண்டியது. மெத்தனாலைக் கண்ணாலும் மூக்காலும் பிரித்தறிய முடியாது. உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைப் பிடிக்கும். நாம் ஊறவைக்கிறவர்கள், அடுப்பு மூட்டுகிறவர்கள் இல்லை. இந்தப் பேச்சை இனி எடுக்காதே.

இன்னொன்று. நாவல் ஜின் பார்ப்பதற்கு அப்படியே ஜூஸ். லீவுக்கு அக்கா பிள்ளைகள் வருவார்கள், வந்ததும் ஃபிரிட்ஜைத்தான் திறப்பார்கள். வடிகட்டிய கையோடு 'மது' என்று பெரிதாக எழுதித் தேதி போட்டு ஒட்டி, அவர்களுக்கு எட்டாத மேல்தட்டில் வை. பத்து நாளில் தீராவிட்டால் சிங்கில் கொட்டிவிடு.

அன்புடன்,
அண்ணன்,
விழுப்புரம்