தெருவில் எழுதிய அரசர்

ஹாங்காங்கின் சாங் சோ சோய் 1921-இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளி. படிப்பு இரண்டே ஆண்டு.

கவுலூன் நிலம் தம் முன்னோருடையது என்று நம்பிய அவர், முப்பத்தைந்து வயதில் தூரிகையும் மையுமாகத் தெருவில் இறங்கினார். விளக்குக் கம்பம், மின்பெட்டி, பாலத்தூண் எதையும் விடவில்லை. தம்மைக் ‘கவுலூன் அரசர்’ என்று குறித்து, மெய்க்கீர்த்தி போலக் குலவரிசையை எழுதினார். பிரிட்டிஷ் அரசியாரையும் சாடினார். அரசாங்க ஆட்கள் வண்ணம் பூசி மறைப்பார்கள். அவர் மீண்டும் எழுதுவார். இப்படியே சுமார் அரை நூற்றாண்டு!

பித்தர் என்று சிரித்த ஊர் பின்னர் கலைஞர் என்றது. 2003-இல் அவர் எழுத்து வெனிஸ் கலைக் கண்காட்சிக்கே போனது. இங்கேதான் எனக்கு நெருடுகிறது. அவர் எழுதியது மனு. நில உரிமை கேட்கும் மனு. கோரிக்கை நியாயமா என்பது வேறு கேள்வி. ஆனால் பதில் சொல்ல வேண்டிய எழுத்தைப் படமாக்கி மாட்டிவிட்டால், யாரும் பதில் சொல்லத் தேவையில்லையே!

2007-இல் அவர் மறைந்தார். எழுத்துகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. சிம் ஷா சுய் படகுத்துறைத் தூணில் இருப்பதைத் தடுப்பிட்டுக் காத்தார்கள். 2022-இல் பவுண்டரி சாலைப் பாலத்தடியில், பழைய வண்ணப்பூச்சுக்கு அடியிலிருந்து இன்னும் சில வரிகள் வெளிப்பட்டன.